முயல் போகும் தூரமும் மரபணு போகும் தூரமும்

ஆஸ்திரேலியாவில் முயல் பரவிய கதையைப் படித்தவர்களுக்கு ஓர் எண் கட்டாயம் நினைவிருக்கும்: வருடத்துக்கு 100 கிலோமீட்டர். 1859இல் விக்டோரியாவில் ஒரு பண்ணையில் வந்திறங்கிய முயல்களின் வாரிசுகள் ஐம்பதே வருடத்தில் கண்டத்தின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டன. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட வேறு எந்தப் பாலூட்டியும் இந்த வேகத்தில் பரவியதாகப் பதிவு இல்லை. ஆனால் முயலைப் பிடித்துக் காதில் அடையாளம் மாட்டி விட்டு, மறுபடி பிடித்துக் கணக்கெடுத்தவர்கள் சொல்வது நேர் எதிராக இருக்கிறது. பெரும்பாலான முயல்கள் பிறந்த வளையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே மேய்ந்து, குட்டி போட்டு, அங்கேயே செத்தும் போகின்றன. சில நூறு மீட்டர் போகும் பிராணி ஒரு கண்டத்தைக் கடந்தது எப்படி?

ஜீலாங் பக்கம் குடிவந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த 1859ஆம் ஆண்டுப் பண்ணை இங்கிருந்து காரில் அரை மணி நேரம்தான். சாயங்காலம் சாலையோரப் புல்லில் முயல்களைப் பார்க்காத நாள் குறைவு. படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டது: முயலை ஒழிக்க நினைக்கிறவர்களும் சரி, முயலைக் காப்பாற்ற நினைக்கிறவர்களும் சரி, முயல் சராசரியாக எவ்வளவு தூரம் போகிறது என்பதை மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்கே வருவார்கள். பார்க்க வேண்டியது அதன் மரபணு எவ்வளவு தூரம் போகிறது, யார் கையால் போகிறது என்பதை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். இங்கே நான் பேசுவது ஐரோப்பிய முயலைப் பற்றி. தமிழ்நாட்டில் புதருக்குள்ளிருந்து சடாரென்று பாய்ந்து ஓடுகிற காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது, அதன் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, உடம்பில் முடியோடு இருக்கும். ஐரோப்பிய முயல் நிலத்துக்கடியில் வளைகளை ஒன்றோடொன்று இணைத்து, அதில் கூட்டமாக வாழ்கிறது. அதன் குட்டி கண் திறக்காமல், முடி இல்லாமல், வெறும் சதைத் துண்டாகப் பிறக்கும்.

அந்த வளைத்தொகுதிக்குள் நடக்கும் வாழ்க்கை தெரிந்தால்தான் மற்றது விளங்கும். ஒரு கூட்டத்தில் ஓரிரு ஆண்கள், சில பெண்கள். ஆண்களுக்குள் தனியாக ஒரு வரிசை, பெண்களுக்குள் தனியாக ஒரு வரிசை. நல்ல வளைக்காகப் பெண்கள் கடித்துச் சண்டை போடும். மேல்நிலையில் இருக்கும் பெண் பெரிய வளைக்குள்ளேயே பிரசவிக்க, கீழ்நிலையில் இருப்பது தள்ளிப் போய்ச் சிறியதாக ஒரு குழி தோண்டி, தன் வயிற்று முடியைப் பிடுங்கிப் பரப்பி அதில் குட்டி போடும். ஒரு நாளைக்கு ஒரு முறை, சில நிமிடம் மட்டும் போய்ப் பால் கொடுத்துவிட்டு, வெளியே வரும்போது வாயிலை மண்ணால் மூடிவிடும். நரிக்கு வாசனை போகக் கூடாது. சினைக்காலம் ஏறக்குறைய 30 நாள். குட்டி போட்ட கையோடு அடுத்த சினைக்குத் தயாராகிவிடும். குட்டிகள் மூன்று நான்கு வாரத்தில் தனியாக மேய ஆரம்பித்து, சில மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும்.

அந்தப் பருவத்தில்தான் பிரிவினை. பெண் குட்டிகளில் பெரும்பாலானவை பிறந்த இடத்திலேயே தங்கிவிடும், ஆண் குட்டிகள் வெளியேறும். கிட்டத்தட்ட வீட்டோடு மாப்பிள்ளை ஏற்பாடுதான்: தாய், மகள், சித்தி, பெரியம்மா எல்லோரும் ஒரே வளையில், ஆண் மட்டும் வேறு இடத்திலிருந்து வந்து சேரும். ஆண்கள் போவதும் அதிக தூரம் இல்லை, அடுத்த கூட்டத்துக்கோ அதற்கு அடுத்ததற்கோ தான். கூட்டம் நெருக்கமாக இருந்தால் சில ஆண்கள் கிளம்புவதே இல்லை. எப்போதாவது ஒன்றிரண்டு மட்டும் கிலோமீட்டர் கணக்கில் நடந்துவிடும்.

இதன் அடையாளம் மரபணுவில் அப்படியே பதிந்திருக்கிறது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பகுதியில் 1990களில் காட்டு முயல்களைப் பிடித்து ஆராய்ந்தார்கள். காதிலிருந்து ஒரு துளி தோலை வெட்டி எடுத்து, சாராயத்தில் போட்டு, ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஒரே நிலப்பரப்பில், ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மேய்கிற கூட்டங்களுக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது. நமக்கு அது ஒரு வயல் நிறைய முயல், மரபணுக் கணக்கில் பல குடும்பங்கள். தாய் வழியாக மட்டும் கைமாறும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, பெண்கள் நகராததால் அந்தந்த இடத்திலேயே தேங்கி நிற்கும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் மற்ற டிஎன்ஏ, ஊர் மாறும் ஆண்களோடு நகர்ந்து கலக்கும். ஒரே முயலின் உடம்பில் ஒரு பகுதி டிஎன்ஏ உள்ளூர்க் கதையையும் இன்னொரு பகுதி வெளியூர்க் கதையையும் சொல்வது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

சரி, சராசரி தூரம் சில நூறு மீட்டர் என்றே இருக்கட்டும். மரபணு ஓட்டத்தை, அதாவது ஒரு கூட்டத்தின் மரபணு இன்னொரு கூட்டத்துக்குப் போய்ச் சேர்வதை, அந்தச் சராசரி தீர்மானிப்பதில்லை. சுவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போட்ட கணக்கு ஒன்று உண்டு. இரண்டு கூட்டங்கள் மரபணுவில் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகிப் போகாமல் இருக்க, ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரே ஒரு வெளியூர்க்காரர் வந்து இனப்பெருக்கம் செய்தாலே போதும். கூட்டத்தில் 50 பேர் இருந்தாலும் 5,000 பேர் இருந்தாலும் இதே கணக்குதான். முதல் தடவை படிக்கும்போது நம்ப முடியாது, ஆனால் யோசித்தால் சரியாக வரும்: சிறிய கூட்டம் தற்செயலாக வேகமாக மாறும், அங்கே ஒருவர் வந்தாலே பெரிய பங்கு, பெரிய கூட்டம் மெதுவாக மாறும், அங்கே ஒருவருடைய சிறிய பங்கே போதும். அதனால் நூறு முயலில் தொண்ணூற்றெட்டு நகரவே இல்லை என்று அளந்து எழுதிவைத்தாலும், விட்டுப்போன அந்த இரண்டு முயல்தான் மொத்தக் கதையையும் மாற்றுகிறது. அந்த இரண்டைத்தான் பிடிப்பதும் கஷ்டம், ஏனென்றால் அவை நாம் பொறி வைத்த இடத்தை விட்டுப் போய்விட்டன.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. வந்து சேர்வது மட்டும் மரபணு ஓட்டம் ஆகாது. வந்த இடத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆண் முயல் தாடைக்கடியில் இருக்கும் சுரப்பியைக் கல்லிலும் குச்சியிலும் தேய்த்துத் தன் எல்லையைக் குறித்து வைக்கும். அந்த எல்லைக்குள் புதிதாக ஒருவன் வந்தால் விரட்டு, கடி, உதை எல்லாம் உண்டு. கூட்டம் நிறைந்திருக்கும்வரை வெளியூர் ஆணுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். ஒரு நோயோ வறட்சியோ வந்து வளையைக் காலி செய்துவிட்டால் நிலைமை தலைகீழ், வருகிறவர்கள் எல்லோருக்கும் வாசல் திறந்திருக்கும். ஆக, முயலைக் கொல்ல நாம் செய்யும் வேலையே மரபணு ஓட்டத்தை அதிகமாக்கலாம்.

இப்போது 1859க்கு வருகிறேன். அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று லைட்னிங் என்ற கப்பல் 24 முயல்களோடு மெல்போர்னுக்கு வந்தது. அவை தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணை முதலாளிக்கு, வின்செல்சீ அருகே இருந்த பார்வன் பார்க் பண்ணையில் வேட்டையாடுவதற்காக, இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டவை. சில வருடத்தில் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. அங்கே இன்று நிற்கும் கருங்கல் மாளிகையை அதற்குப் பிறகுதான் கட்டினார்கள், பார்வையாளர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், நானும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு முயல் வந்தது அப்போதுதானா என்றால், இல்லை. 1788இல் கைதிகளோடு வந்த முதல் கப்பல் தொகுதியிலேயே ஐந்து முயல்கள் இருந்தன. அதன்பின் 1859 வரை குறைந்தது 90 தடவையாவது எங்கெங்கோ கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அவற்றில் எதுவும் இப்படிப் பரவவில்லை. ஏன் என்பதற்கு 2022இல் ஜோயல் ஆல்வஸ், பிரான்சிஸ் ஜிகின்ஸ் என்ற மரபியல் ஆய்வாளர்களின் குழு ஒரு பதில் சொன்னது. 1865 முதல் 2018 வரை சேகரிக்கப்பட்ட 187 முயல்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்து முயல்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி முயல்களோடு ஒத்துப்போயின, அதுதான் ஆஸ்டின் குடும்பத்தின் சொந்த ஊர் இருக்கும் பகுதி. மைட்டோகாண்ட்ரியாவைப் பின்தொடர்ந்து போனால் ஐரோப்பாவிலிருந்து வந்த ஐந்து பெண் முயல்களில் போய் முடிகிறது. ஐந்து தாய்கள்! முன்னால் வந்தவை பெரும்பாலும் வீட்டில் வளர்த்த முயல்கள், வண்ண ரோமமும் தொங்கு காதும் சாதுவான குணமும் கொண்டவை. ஆஸ்டினுக்கு வந்தவற்றில் காட்டு முயலின் இரத்தம் இருந்தது. நரியைக் கண்டால் ஓடவும், கடினமான மண்ணைத் தோண்டவும் தெரிந்த இரத்தம்.

அவர்கள் சொன்ன இன்னொன்று எனக்கு இன்னும் பிடித்தது. பார்வன் பார்க்கிலிருந்து தள்ளிப் போகப் போக மரபணு வகைகள் குறைந்துகொண்டே போகின்றன, அதோடு வேறெங்கும் அரிதாக இருக்கும் மரபணு வடிவங்கள் அதிகமாகத் தலைகாட்டுகின்றன. காரணம் எளிது. பரவும் கூட்டத்தின் விளிம்பில் எப்போதும் ஒரு கைப்பிடி முயல்களே இருக்கும். அடுத்த நிலத்தைப் பிடிப்பது அவை மட்டும்தான். அந்தக் கைப்பிடியில் ஒன்றிடம் தற்செயலாக ஓர் அபூர்வ வடிவம் இருந்தால், அதன் பிள்ளைகள் வெற்று நிலத்தில் தடையில்லாமல் பெருகும்போது அந்த வடிவமும் கூடவே பெருகிவிடும். அது நல்லதா கெட்டதா என்பது அங்கே கணக்கில் இல்லை, முன்வரிசையில் இருந்தது என்பதே தகுதி. இதை வைத்தே, எழுத்தில் பதிவு இல்லாவிட்டாலும், பரவல் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடித்துவிடலாம்.

எல்லாம் அந்த ஒரே கப்பல்தான் என்று நான் சொல்ல மாட்டேன். சிட்னி வட்டாரத்து முயல்கள் மரபணுவில் தனித்து நிற்பதை 2000களின் தொடக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள். வேறு ஒரு குழு பல இறக்குமதிகளின் தடம் இன்றும் தெரிகிறது என்று 2019இல் எழுதியது. என் கணிப்பில், பெரிய பரவலின் உந்துவிசை பார்வன் பார்க், ஆனால் அது போன வழியில் ஏற்கெனவே ஒதுங்கிக் கிடந்த சின்னச் சின்னக் கூட்டங்களையும் அங்கங்கே சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது.

வருடத்துக்கு 100 கிலோமீட்டர் என்ற வேகமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஈரமான காட்டுப் பகுதிகளில் 10, 15 கிலோமீட்டர்தான். திறந்த, வறண்ட மேய்ச்சல் வெளிகளில்தான் நூறைத் தாண்டியது. அங்கே முயலுக்குத் தயார் வீடு காத்திருந்தது: பெட்டாங் என்ற சின்னக் கங்காரு வகை ஒன்று முயலைப் போலவே வளைத்தொகுதி தோண்டி வாழ்ந்து வந்தது. அந்த வளைகளில் முயல் குடியேறியது. தோண்டும் வேலை மிச்சம், பகலில் வெயிலிலிருந்தும் நரியிடமிருந்தும் காப்பு. அந்த வளை தோண்டும் பெட்டாங் பிறகு ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்தே அழிந்து, மேற்குக் கரைக்கு அப்பால் சில தீவுகளில் மட்டும் பிழைத்தது. முயலைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு மனசு கனக்கிற இடம் இதுதான். அப்புறம், மனிதர்கள். வேட்டைக்கும் கறிக்கும் தோலுக்கும் முயலைக் கூண்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் அங்கங்கே விட்டார்கள். முயலின் கால் போகாத தூரத்தை வண்டிச் சக்கரம் போனது.

மேற்கு ஆஸ்திரேலியா வேலி போட்டுப் பார்த்தது. 1901இல் தொடங்கி 1907இல் முடித்த முதல் வேலி மட்டும் 1,833 கிலோமீட்டர். பிறகு போட்ட இரண்டையும் சேர்த்தால் 3,200 கிலோமீட்டருக்கு மேல். கம்பி வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்து, ஒட்டகத்தில் ஆள் வைத்துக் காவல் போட்டார்கள். முதல் வேலி முடியும் முன்பே முயல் அதற்கு மேற்கே போய்விட்டது. ரைட்டின் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. வேலி நூற்றுக்கு 99 முயலைத் தடுத்தாலும் தாண்டிய ஒன்று போதும், அதுவும் அந்தப் பக்கம் முயலே இல்லாத நிலம் என்றால் அந்த ஒரு சினை முயலுக்குப் போட்டியே கிடையாது.

பின்னாளில் வந்த வேலைகளில் எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது குயின்ஸ்லாந்தின் தென்மேற்கில் புல்லூ டவுன்ஸ் என்ற பெரிய மாட்டுப் பண்ணையில் செய்தது. வறண்ட நிலத்தில் முயல் எண்ணிக்கை மழைக்குத் தக்கபடி ஏறி இறங்கும். நல்ல வருடங்களில் எங்கு பார்த்தாலும் முயல். வறட்சியில் பெரும்பாலான இடங்கள் முழுதாகக் காலியாகிவிடும், தண்ணீரும் பசுமையும் கொஞ்சம் மிஞ்சும் சில இடங்களில் மட்டும் முயல் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மழை வந்ததும் அங்கிருந்துதான் மறுபடி எல்லா இடத்துக்கும் பரவும். அப்படியானால் பரந்த நிலம் முழுக்க வளை உடைத்துக்கொண்டிருக்க வேண்டாம், அந்தப் புகலிடங்களை மட்டும் குறிவைத்தால் போதும் என்று செய்தார்கள். உடைத்த இடத்தில் மட்டுமல்லாமல், சுற்றியிருந்த பெரிய பரப்பிலும் முயல் பல வருடம் தலையெடுக்கவில்லை. முயல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்ததன் பலன்.

வளை உடைப்பதை ஒரு முறை அருகில் நின்று பார்த்தேன். இங்கே உள்ளூரில், நிலம் பராமரிக்கும் தன்னார்வக் குழு ஒன்றோடு போயிருந்தபோது. மேட்டுச் சரிவில் முள்புதருக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வாயில்கள். பாவிக்கிற வாயிலை உடனே அடையாளம் தெரிந்துகொள்ளலாம்: வாசலில் புதிதாக இழுத்துப் போட்ட மண், விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும், சிலந்தி வலை இருக்காது. கொஞ்சம் தள்ளி, மிளகைவிடப் பெரிதாக உருண்டை உருண்டையாகப் புழுக்கை ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. டிராக்டருக்குப் பின்னால் நீண்ட இரும்புக் கொழு மாட்டி, குறுக்கும் நெடுக்குமாக இழுத்தார்கள். மண் பிளந்தபோது உள்ளே வழிகள் ஒன்றுக்குள் ஒன்று போவது தெரிந்தது. நிலத்துக்காரர் வேலையைவிடப் பக்கத்து நிலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அங்கே யாரும் எதுவும் செய்வதில்லையாம், ஆறு மாதத்தில் அங்கிருந்து வந்து மறுபடி தோண்டிவிடும் என்றார். எந்த அளவு நிலத்தை ஒரே சமயத்தில் சுத்தம் செய்தால் திரும்பி வராது என்பதைச் சொல்லத்தான் மரபணுவே தேவைப்படுகிறது. வளைகள் தொடர்ச்சியாக இருக்கும் வெளியில் மரபணு வெகுதூரம் கலந்திருக்கும், அங்கே ஒரு பண்ணையை மட்டும் சுத்தம் செய்வது வீண் செலவு. காடும் பயிரும் நடுவில் புகுந்து முயல் தனித்தனித் திட்டுகளாக இருக்கும் இடத்தில், ஒரு திட்டை முழுசாகக் காலி செய்தால் நின்று பலன் தரும்.

நோயை ஆயுதமாக்கிய கதையிலும் இதே ஓட்டம்தான். 1950இல் முயலைக் கொல்லும் மிக்ஸோமா வைரஸ் ஆஸ்திரேலியாவில் பரவியது, கொசு கடித்துப் பரப்பியது. முதல் அலையில் தொற்றியவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் செத்தன. பிராங்க் பென்னர் என்ற ஆஸ்திரேலிய வைரஸ் ஆய்வாளரின் குழு அதைப் பின்தொடர்ந்து அளந்ததில் இரண்டு மாற்றங்கள் தெரிந்தன: வைரஸின் கொடூரம் குறைந்தது, முயலின் எதிர்ப்பு கூடியது. ஒரே அளவு வீரியமுள்ள வைரஸை வைத்துச் சோதித்தபோது, சில ஆண்டுகளுக்குள் சாவு விகிதம் 90 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 25 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பிரான்சில் 1952இல் அர்மான்-தெலீல் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் தன் தோட்டத்து முயல் தொல்லையைத் தீர்க்க இரண்டே இரண்டு முயல்களுக்கு அந்த வைரஸை ஏற்றி விட்டார். மறு வருடம் அது இங்கிலாந்துக்கே போய்விட்டது, மேற்கு ஐரோப்பாவின் முயல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பல பத்தாண்டுகள் கழித்து, நோய்க்கு முந்தைய முயல்களை அருங்காட்சியகங்களிலிருந்து எடுத்து இன்றைய முயல்களோடு ஒப்பிட்டார்கள், அதில் சார்ல்ஸ் டார்வினிடம் இருந்த ஒரு முயலும் உண்டு. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றிலும் பெரும்பாலும் ஒரே மரபணு வடிவங்கள் தனித்தனியாக அதிகரித்திருந்தன. அவை புதிதாக முளைத்தவை அல்ல, மூதாதை முயல்களிடம் ஏற்கெனவே சிறு அளவில் இருந்து, கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கும் வந்தவை. நோய் வளையைக் காலி செய்தது, பிழைத்தவற்றின் பிள்ளைகள் காலி வளைகளில் குடியேறின, எதிர்ப்பும் அவற்றோடு குடியேறியது.

இதுவரை சொன்னதெல்லாம் முயல் அளவுக்கு மீறிய நாட்டின் கதை. முயலின் பூர்வீகமான ஐபீரியத் தீபகற்பத்தில், அதாவது ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும், பிரச்சினை தலைகீழாக இருக்கிறது. 2019இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த முயலையே அருகிவரும் இனம் என்று பட்டியலிட்டது. 1980களின் இறுதியில் வந்த இரத்தக்கசிவு நோய் ஓர் அடி, 2010இல் பிரான்சில் தோன்றி அடுத்த வருடமே ஸ்பெயினை எட்டிய அதன் புதிய வகை இன்னோர் அடி. புதிய வகை சின்னக் குட்டிகளையும் கொல்கிறது. முயல் குறைந்தால் அதோடு முடிவதில்லை. ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை கிட்டத்தட்ட முயலை மட்டுமே நம்பி வாழ்கிறது. 2002இல் நூறுக்கும் குறைவாக இருந்த அந்தப் பூனை இன்று 2,000ஐத் தாண்டியிருக்கிறது, அந்த மீட்சி நிற்பதற்கு முயல் வேண்டும்.

அங்கே இருப்பது ஒரே வகை முயலும் அல்ல. தென்மேற்கில் ஒரு துணையினம், வடகிழக்கில் ஒரு துணையினம், பிரிந்து ஏறக்குறைய இருபது லட்சம் வருடம் ஆகிறது. தென்மேற்கு முயல் உருவத்தில் சிறியது, ஈற்றுக்குப் போடும் குட்டியும் குறைவு. இரண்டும் தீபகற்பத்தின் நடுவே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் ஒரு பட்டையில் சந்தித்துக் கலக்கின்றன. போர்ட்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் நுனோ பெராண்ட், மிகேல் கார்னெய்ரோ முதலானோர் இந்தப் பட்டையைப் பல வருடமாகத் தோண்டித் துருவியிருக்கிறார்கள். அவர்கள் கண்டது: பல மரபணுக்கள் எல்லையைத் தாராளமாகக் கடக்கின்றன, ஆனால் எக்ஸ் குரோமோசோமின் நடுப்பகுதியும் ஒய் குரோமோசோமும் அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கலப்பில் பிறக்கும் ஆண்களின் இனப்பெருக்கத் திறன் குறைவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. முயல் எல்லை கடக்கிறது என்பதற்காக அதன் எல்லா மரபணுவும் கடந்துவிடுவதில்லை. பிறக்காமல் போன குட்டிகள்தான் அந்த எல்லைக் காவல்.

உலகத்தில் வீட்டில் வளர்க்கும் முயல் அத்தனையும், ஆஸ்திரேலியக் காட்டு முயலும், வடகிழக்குத் துணையினத்தின் வழி வந்தவை. தென்மேற்கு முயலுக்கு அட்லாண்டிக்கின் சில தீவுகளையும் வட ஆப்பிரிக்காவின் சில பகுதிகளையும் விட்டால் வேறு போக்கிடமே இல்லை. அது போனால் எந்தக் கூண்டிலிருந்தும் திரும்ப எடுக்க முடியாது.

முயல் இனப்பெருக்கத்தையே முடக்கும் மரபணுவைச் செலுத்தி, அது சந்ததி சந்ததியாகத் தானே பரவும்படி விடலாமா என்று ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி அளவில் பேச்சு நடக்கிறது. இங்கே மண் அரிப்பையும், மரக்கன்று ஒன்றுகூட வளராத மேய்ச்சல் நிலத்தையும் பார்த்தவன் என்ற முறையில் அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நான் இதற்கு எதிரானவன். அர்மான்-தெலீலின் இரண்டு முயல்கள் தோட்டத்துச் சுவரைத் தாண்டியதைப் பார்த்த பிறகு, அந்த மரபணு கடல் தாண்டி ஸ்பெயினுக்குப் போகவே போகாது என்று யார் உறுதி கொடுத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. முயலை ஒரு பெட்டியில் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் போதும்.

ஐபீரியாவிலேயே அந்தத் தூக்கிக்கொண்டு போகும் வேலை பெரிய அளவில் நடக்கிறது. வேட்டைக்காகவும், கழுகுக்கும் லின்க்ஸுக்கும் இரை சேர்ப்பதற்காகவும் முயல்களை ஓரிடத்தில் பிடித்து இன்னோரிடத்தில் விடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். விட்ட முயல்களில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே நரிக்கும் மற்ற வேட்டை விலங்குகளுக்கும் இரையாகிவிடுகிறது, வளை தெரியாத இடத்தில் ஒளிய வழி தெரியாது. அதனால் இப்போது செயற்கை வளைகள் கட்டி, வேலியிட்ட அடைப்புக்குள் கொஞ்ச காலம் பழக்கி விடுகிறார்கள், பிழைப்பதும் கூடியிருக்கிறது. பிழைப்பது கூடினால் குட்டி போடுவதும் கூடும். வடகிழக்கு முயலைத் தென்மேற்கில் கொண்டுபோய் இவ்வளவு கவனமாகப் பிழைக்க வைத்தால், எல்லையில் இயற்கை தடுத்துவைத்ததை நாமே உள்ளே கொண்டுபோய் வைத்த மாதிரி ஆகிவிடும். தோற்றத்தை வைத்து இரண்டையும் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது, காதுத் தோலில் ஒரு துளி எடுத்துப் பார்த்தால் எந்த வழி வந்தது என்று தெரிந்துவிடும். அந்தச் சோதனையை முயல்களைக் கூண்டில் அடைத்து லாரியில் ஏற்றும் முன்பே செய்துவிட வேண்டும், இறக்கி விட்ட பிறகு அவற்றைத் திரும்பப் பிடித்து எடுக்க வழியே கிடையாது.